நீலமா, காவியா

சாலோமி,

ஆழ்வார்குறிச்சிப் பள்ளிக்கூடத்தில் பரீட்சை நடத்தக் கிளம்பிவிட்டேன், சனிக்கிழமைதான் திரும்புவேன். உன்னை எழுப்ப மனம் வரவில்லை. கஞ்சி அடுப்படியில் மூடியிருக்கிறது. இன்றைக்காவது குடி.

சுண்ணாம்பு அடிக்கப் பாபநாசம் காலையில் வருவான். அறைச் சாவி மாடத்தில் இருக்கிறது. நம் மகள் யூனிஸை வாந்திபேதி கொண்டுபோன அறையை இனியும் அப்படியே போட்டுவைக்கக் கூடாது.

அவள் சாய்ந்து உட்கார்ந்து பாடம் படித்த இடத்தில், சுவரில் படிந்த தலையெண்ணெய்க் கறைமேல் நீலம், காவி இரண்டையும் தீற்றிப் பார்த்தோம் அல்லவா? காய்ந்தபின் நான் தனியாகப் போய்ப் பார்த்தேன். காவியில் கறை அடங்கிவிட்டது. நீலத்தில் திரும்பவும் எழும்பி நிற்கிறது. அதனால்தான் காவி என்று நேற்று அவ்வளவு பிடிவாதம் பிடித்தேன்.

“கறைய மறைக்குதியளா, பிள்ளைய மறைக்குதியளா?” என்று கேட்டாய். கோபத்தில் எழுந்து போய்விட்டேன்.

நீலமே அடிக்கச் சொல்.

தேவதாசன்

கஞ்சியில் உப்புப் போட மறந்துவிட்டேன்.

கறை தெரிகிறதென்று பாபநாசம் இரண்டாம் பூச்சுக்குச் சட்டியைத் தூக்குவான். விடாதே. ஒரு பூச்சு போதும்.