பின்னணிச் சிரிப்பில் ஒருவர்

அன்புள்ள அப்பாவுக்கு,

வணக்கம். கால் வீக்கம் வடிந்ததா? மாத்திரை சாப்பிட்டதாகப் பொய் சொல்ல வேண்டாம், அண்ணி எனக்குச் சொல்லிவிடுவார்.

புதிய நகைச்சுவைத் தொடருக்கு நேயர்கள் எழுதுவதைப் படித்துத் தொகுப்பதுதான் இப்போது என் வேலை. இரண்டாம் பகுதிக்கு வந்தவற்றில் முக்கால்வாசி, "பின்னணிச் சிரிப்பை எடுத்துத் தொலைங்க" என்ற திட்டு. ஒரு பெண்மணி மட்டும், "அதுல கடைசியா மூச்சை இழுத்து இழுத்துச் சிரிக்கிறது என் வீட்டுக்காரர். அவர் போய் ஒன்பது வருஷமாச்சு. எடுத்துடாதீங்க" என்று எழுதியிருந்தார்.

சிரித்துக்கொண்டே ஒலிப்பதிவாளரிடம் காட்டினேன். "அது பழைய டேப். ஏதோ நாடகம் பார்க்க வந்த கூட்டம். பாதிப் பேர் இப்ப இருக்க மாட்டாங்க" என்றார். காதில் மாட்டிக் கேட்டேன். எல்லோரும் அடங்கிய பிறகு ஒருவர் மட்டும் மூச்சை இழுத்து இழுத்துச் சிரித்தார், அப்பா.

மூன்றாம் பகுதியில் சிரிப்பை எடுத்துவிட்டார்கள். நான் அந்தச் சிரிப்புத் துண்டை மட்டும் வெட்டி அந்தப் பெண்மணிக்கு அனுப்பினேன். போனில், "அவரேதாம்மா" என்றார்.

அறையில் தனியாக இருந்தால் இப்போதும் அந்தச் சிரிப்பு காதில் விழுகிறது. பயப்படாதீர்கள், நன்றாகத்தான் சாப்பிடுகிறேன். அம்மா போய் நான்கு வருஷம்தானே ஆகிறது? அவள் எப்படிச் சிரிப்பாள் என்று யோசித்தால் எனக்கு ஞாபகமே வரவில்லை. அண்ணன் கல்யாண வீடியோவைக் கொஞ்சம் போட்டு, அவள் சிரிப்பது எங்காவது இருக்கிறதா என்று பாருங்கள். முகம் தெரியாவிட்டாலும் பரவாயில்லை, சத்தம் போதும். அம்மாவின் பழைய போர்வையையும் அனுப்புங்கள். துவைக்க வேண்டாம்.

மேலாளர் கூப்பிடுகிறார்.

உங்கள் மகள்