வெர்லினின் அடக்கத்துக்கு எத்தனை பேர்

அக்டோபர் 3, வியாழன்
கடற்படையில் சமையல்காரராக இருந்த ஒருவரின் அடக்கத்தில் இன்று மரியாதை செய்தோம். தொண்ணூற்றொரு வயது. வழக்கம்போலப் பன்னிரண்டு நிமிடத்தில் முடித்துவிட்டோம். மூன்று சுற்று வேட்டிலும் துப்பாக்கிகள் சேர்ந்தே வெடித்தன, ஏறக்குறைய. பியூகிள் என்கிற ஊதுகுழலுக்குள் ஒரு பாட்டுப்பெட்டி இருக்கிறது. பொத்தானை அழுத்திவிட்டு உதட்டில் வைத்துக்கொண்டு கன்னத்தை உப்பினால் போதும். லெஸ்டர் உதட்டுக்குக் கொண்டுபோவதற்கு முன்பே அது ஊதத் தொடங்கிவிட்டது. குடும்பத்தார் அழுதுகொண்டிருந்ததால் கவனிக்கவில்லை.

எங்கள் அணியில் ஏழு பேர். எல்லாரும் ஒரு காலத்தில் படையில் இருந்தவர்கள், எல்லாருக்கும் எழுபதுக்கு மேல். ஆணையிடுகிற கெய்லார்டுக்குக் குரல் மட்டும் இன்னும் முப்பது. செயலாளர் வேலை எனக்கு, அதாவது காகிதம். நன்றாகச் சுடுகிறவன் வெர்லின் மட்டும்தான்.

அக்டோபர் 9, புதன்
வெர்லின் செத்துப்போனான். படகைக் கொட்டகைக்குள் இழுத்துவிடும்போது மாரடைப்பு. படகு பாதி உள்ளே, பாதி வெளியே.

அக்டோபர் 10, வியாழன்
அடக்க ஏற்பாடு செய்கிறவர் வெர்லினின் ராணுவ டிஸ்சார்ஜ் சான்றிதழ் கேட்டார். அது இல்லாமல் கொடியும் கிடையாது, வேட்டும் கிடையாது. யாராக இருந்தாலும் இதுதான் விதி. இந்த விதியை எத்தனையோ விதவைகளிடம் நானே கறாராகச் சொல்லியிருக்கிறேன். எங்கள் ஏழு பேர் சான்றிதழும் என் அலமாரியில் இருக்கிறது என்று சொல்லிவிட்டு எடுக்கப் போனேன். ஆறுதான் இருந்தது. வெர்லினின் உறையில் ஒரு துண்டுச் சீட்டு, என் கையெழுத்தில்: "பிறகு தருவான். 2003."

ராணுவத்தின் பழைய பதிவுகள் இருக்கும் அலுவலகத்துக்கு அவர் அவசரமாக ஃபேக்ஸ் அனுப்பியிருக்கிறார்.

அக்டோபர் 11, வெள்ளி
பதில் வந்துவிட்டது. அந்தப் பெயரில், அந்தப் பிறந்த தேதியில், தரைப்படை, கடற்படை, விமானப்படை, எதிலும் யாரும் இருந்ததில்லை.

இருபத்தொரு வருஷம்யா. என் பக்கத்துல நின்னு சுட்டான்யா.

பொய் சொன்னானா? யோசித்துப் பார்க்கிறேன் — எப்போது சொன்னான்? ஒருநாள்கூடப் போர்க்கதை சொன்னதில்லை. உண்மையாகப் போரைப் பார்த்தவன் பேசமாட்டான் என்று அவனைக் காட்டி மற்றவர்களை நான்தான் மட்டம் தட்டுவேன். 2003-ல் ஓர் ஆள் குறைந்தது. அவனுடைய இரும்புக்கடையில் அவனைப் பார்த்து, "நீயும் ஆர்மிதானே? நாளைக்கு வர்றியா?" என்றேன். அவன் ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. "எங்க நிக்கணும்?" என்று மட்டும் கேட்டான்.

அக்டோபர் 12, சனி
வெர்லினின் மனைவி டெலோரிஸிடம் எப்படிச் சொல்வது என்று காரில் பத்து நிமிடம் ஒத்திகை பார்த்துவிட்டுப் போனேன். காபி ஊற்றினாள். நான் வாயைத் திறப்பதற்குள் அவளே ஆரம்பித்துவிட்டாள்.

"பேப்பர் கிடைச்சிருக்காதே."

அவளுக்கு எல்லாம் தெரியும். 1967-ல் படைக்கு எடுக்கப் பரிசோதித்தபோது இடது காது கேட்கவில்லை என்று வெர்லினைத் திருப்பி அனுப்பியிருக்கிறார்கள். அதே பேருந்தில் போன மற்ற நான்கு பையன்களையும் எடுத்துக்கொண்டார்கள். அதில் இரண்டு பேர் திரும்பவில்லை. எங்கள் அணியில் இடது காது ஒழுங்காகக் கேட்கிறவர் ஒருவரும் இல்லை. அதனால் இவன் காதை நாங்கள் கவனிக்கவில்லை.

"மொத நாளே உன்கிட்ட சொல்லிடணும்னுதான் கிளம்பினாரு, ஆர்வில். நீ வாசல்ல காரை நிறுத்திக்கிட்டு ஹாரன் அடிச்சிக்கிட்டே இருந்த. பதினோரு மணிக்கு அடக்கம், ஏறு ஏறுன்னு. அப்புறம் அடுத்த வாரம் சொல்றேன்னாரு. அடுத்த வாரம் அடுத்த வாரம்னே போயிடுச்சு."

கோபப்படத்தான் போயிருந்தேன். வரவில்லை.

"கொடி வேண்டாம். சுடவும் வேண்டாம். அதெல்லாம் அவருக்கு உரியது இல்ல, எனக்குத் தெரியும். உங்க ஆளுங்க வருவாங்களா, அதை மட்டும் சொல்லு. சாப்பாட்டுக்கு எத்தனை பேருன்னு சர்ச்சுல கேக்கறாங்க."

நாளை சொல்கிறேன் என்றேன்.

அக்டோபர் 13, ஞாயிறு
முன்னாள் படைவீரர் சங்கக் கூடத்தில் ஆறு பேரும் கூடினோம். சொன்னேன். லெஸ்டர் முதலில் சிரித்தான், பிறகு நிறுத்திக்கொண்டான். கெய்லார்ட் மேசையில் தொப்பியை வைத்தான்.

"என் தம்பி டுவெய்னுக்கு அவன்தான் சுட்டான். ரெண்டு வருஷம் போர்ல, காட்டுல கிடந்துட்டு வந்தவன்டா என் தம்பி. அவனுக்கு ஒரு இரும்புக்கடைக்காரன் சுட்டிருக்கான். இப்ப சொல்லு, அது செல்லுமா செல்லாதா?"

செல்லும் என்றான் ஒருவன். சட்டப்படி இல்லை என்றான் இன்னொருவன்.

"ஆர்வில், நீதானே காகிதம். நீ சொல்லு," என்றான் கெய்லார்ட்.

எனக்குத் தெரியவில்லை என்றேன். வெர்லினின் அடக்கத்துக்கு நான் வரமாட்டேன், வருகிறவன் முகத்தில் விழிக்கவும் மாட்டேன் என்று சொல்லிவிட்டுக் கெய்லார்ட் எழுந்து போனான். டெலோரிஸுக்கு நான் போன் செய்யவில்லை.

அக்டோபர் 14, திங்கள்
காலையில் பழைய வருகைப் பதிவேட்டை எடுத்தேன். 2003-லிருந்து நானூற்றுப் பன்னிரண்டு அடக்கங்கள். வெர்லின் வராதது ஒன்பது. நான் வராதது அறுபத்தொன்று.

டுவெய்னின் பக்கத்தைத் தேடி எடுத்தேன். ஜனவரி 6, 2014. அன்றைக்கு நெருப்புக்குச்சிகூடப் பற்றாத குளிர், பள்ளிக்கூடத்தையெல்லாம் மூடியிருந்தார்கள். துப்பாக்கி: மூன்று. அதற்கு ஒன்று குறைந்தாலும் வேட்டு கிடையாது. வந்தவர்களில் இரண்டு பேர் இப்போது உயிரோடு இல்லை. மூன்றாவது பெயர் வெர்லின். வராதவர்கள் பட்டியலில் முதல் பெயர் என்னுடையது: "முதுகு வலி."

எனக்கு அன்று முதுகு வலிக்கவில்லை. குளிராக இருந்தது.

கெய்லார்ட் அன்று குடும்பத்தாரோடு முன்வரிசையில் உட்கார்ந்திருந்தான். துப்பாக்கிகளுக்கு முதுகு காட்டித்தான் உட்கார வைப்போம். வெர்லின் சுட்டது தெரியும்; மொத்தம் எத்தனை பேர் வந்தார்கள், யார் வரவில்லை என்று எண்ணியிருக்க மாட்டான்.

இதைக் காட்டாமலே இருந்துவிடலாம் என்று மத்தியானம்வரை நினைத்தேன். வெட்கமாக இருந்தது. சாப்பிட்டுவிட்டுப் பதிவேட்டை எடுத்துக்கொண்டு அவன் வீட்டுக்குப் போனேன். உள்ளே கூப்பிடவில்லை. வாசலில் நின்றபடியே படித்தான். இரண்டு தடவை படித்தான் என்று நினைக்கிறேன். பதிவேட்டை மூடித் திருப்பிக் கொடுத்தான்.

"இப்ப முதுகு எப்படி இருக்கு?"

"பரவால்ல."

கதவைச் சாத்திக்கொண்டான். வீட்டுக்கு வந்து டெலோரிஸுக்குப் போன் செய்தேன். "ஆறுன்னு போடு" என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று எனக்கே தெரியவில்லை.

அக்டோபர் 16, புதன்
ஐந்து பேர் வந்திருந்தோம். சீருடை இல்லை, துப்பாக்கி இல்லை. லெஸ்டர் பழக்கதோஷத்தில் பியூகிளைக் கொண்டுவந்துவிட்டான். காரிலேயே வைக்கச் சொன்னேன்.

எங்கே நிற்பது என்று தெரியவில்லை. எங்களுக்குத் தெரிந்ததெல்லாம் கல்லறையிலிருந்து முப்பது தப்படி தள்ளி ஒரே வரிசை. அது இன்று கூடாது. கையை எங்கே வைப்பது என்றும் தெரியாமல் பைக்குள் விட்டுக்கொண்டு சவக்குழி ஓரமாகக் கும்பலாக நின்றோம். பாதிரியார் ஜெபித்து முடித்தார். டெலோரிஸும் மகளும் சர்ச்சுக்குப் போனார்கள். மற்றவர்களும் போனார்கள். நாங்கள் நின்றுகொண்டே இருந்தோம். கலைந்து போகச் சொல்லி ஆணையிட ஆள் இல்லை. இத்தனை வருடமாக அது கெய்லார்டின் வேலை.

குழி வெட்டும் ஆட்கள் இரண்டு பேரும் நாங்கள் போகட்டும் என்று வண்டி அருகில் காத்திருந்தார்கள். ஒரு சிகரெட் முடிந்தது, இன்னொன்றும் முடிந்தது. கடைசியில் எங்களை ஒரு மாதிரி பார்த்துவிட்டு மண்ணைத் தள்ளத் தொடங்கினார்கள். குழி மூடி, மேலே தட்டி, அவர்கள் வண்டியேறிப் போனபிறகுதான் லெஸ்டர், "அவ்வளவுதான்னு நினைக்கிறேன்" என்றான். ஒன்றரை மணி நேரம். நானூற்றுப் பன்னிரண்டில் ஒருவருக்குக்கூட நாங்கள் அவ்வளவு நேரம் நின்றதில்லை. எனக்கு அழுகை வந்தது. எழுதிவைக்கிறேன்.

சர்ச்சின் கீழ்த்தளத்துக்குப் போனால் கெய்லார்ட் உட்கார்ந்து பன்றியிறைச்சி சாண்ட்விச் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். கல்லறைக்கு வராதவன் சாப்பாட்டுக்கு வந்திருக்கிறான். டெலோரிஸ் அவன் கோப்பையில் காபி ஊற்றினாள். அவன் எழுந்து நின்று வாங்கிக்கொண்டான்.

ஆறு தட்டும் காலியானது.

நவம்பர் 21, வியாழன்
எல்லாருடைய காகிதங்களையும் புதுப்பிக்கிறேன். செத்தால் என்னென்ன மரியாதை வேண்டும் என்கிற படிவம். வேண்டும், வேண்டாம் என்று கட்டத்தில் குறிக்க வேண்டும். கெய்லார்ட் இன்று தன்னுடையதைக் கொண்டுவந்தான். கொடி வேண்டும். பியூகிள் வேண்டும், லெஸ்டர் கையில் கொடுக்கக் கூடாது. வேட்டு — வேண்டாம்.

தவறாகக் குறித்துவிட்டான் என்று நினைத்துத் திருப்பிக் கொடுத்தேன்.

"சரியாத்தான் போட்டிருக்கேன்."

"உன் தம்பிக்குச் சுட்டாங்க. உனக்கு வேண்டாமா?"

படிவத்தை என் பக்கமே தள்ளினான்.

"அன்னிக்கு எவ்வளவு நேரம் நின்னீங்க?"

"மண்ணு மூடி முடியற வரைக்கும்."

"வரிசையாவா?"

"இல்ல. சும்மா, கும்பலா. கையைப் பாக்கெட்ல விட்டுக்கிட்டு."

"அதை எழுது."

படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை. ஓரத்தில் எழுதி, கையெழுத்து வாங்கிக்கொண்டேன்.