மூன்றாவது பாட்டில் அவர் குரல்

அன்பு மகளுக்கு,

கெட்ட வார்த்தை பொறுக்காமல் நான் உன் ராப் நிகழ்ச்சியிலிருந்து பாதியில் எழுந்து போனதாக உன் அத்தை சொல்லித் திரிகிறாளாம். சுத்தப் பொய். உன் எதுகைதான் ஓரிடத்தில் இடறியது. அதற்கெல்லாம் எழுந்து போகிறவள் இல்லை நான்.

மூன்றாவது பாட்டில் தாளம் நின்று, ஒலிபெருக்கியில் உன் அப்பா பேசினார்: "மகாராணி, கதவைத் திற. மறுபடியும் சாவியை மறந்துட்டேன்." கூட்டம் சிரித்தது. நான் எழுந்து வேகமாக நடந்தேன். அரங்கத்தின் கதவில் கை வைத்த பிறகுதான் அவர் இல்லை என்பது நினைவுக்கு வந்தது.

உன்னிடம் இருக்கும் என் பழைய போனுக்கு அவர் எப்போதோ அனுப்பிய குரல் செய்தியாம். உன் டிஜே சொன்னார். அந்தப் பாட்டை நிறுத்தச் சொல்லவில்லை நான். ஆனால் அன்றிலிருந்து ஓரிடத்தில் உட்கார முடியவில்லை.

அதில் வேறு என்னவெல்லாம் பேசியிருக்கிறார்? குரலை அனுப்பாதே, மறுபடி எழுந்துவிடுவேன். ஒரு சொல் விடாமல் கடிதமாக எழுது.

அம்மா