ஒரு பைட்கூடப் பிசகாமல்

அக்கா,

பொருந்திவிட்டது. ஒரு பைட்கூடப் பிசகாமல்.

மருந்து ஏற்றும் இயந்திரத்துக்கு நாம் அனுப்பிய மென்பொருள் பொதி, சோதனையில் மருந்தின் அளவைத் தவறவிட்டது. பொதியின்மேல் இருந்த பதிப்பு எண் நாற்பத்தொன்று, நீ எழுதியது. அதற்காகத்தான் உன்னை வேலையை விட்டு அனுப்பினார்கள். அந்தக் கூட்டத்தில் நான் மேசையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

எட்டு மாதமாக, மதிய இடைவேளைகளில், பழைய பதிப்புகளின் மூலநிரல்களை ஒவ்வொன்றாகத் தொகுத்துப் பொதியாக்கி, அனுப்பிய அந்தப் பொதியோடு ஒப்பிட்டேன். நாற்பத்தொன்று கிட்டவே வரவில்லை. அதற்கு முந்தைய பதிப்பான முப்பத்தெட்டு மட்டும் நான்கே இடங்களில் விலகியது. நான்கும் தொகுத்த நேரத்தைக் குறிக்கும் முத்திரைகள். கணினியின் கடிகாரத்தை அந்த நாளுக்கும் நொடிக்கும் திருப்பி வைத்து மறுபடி தொகுத்தேன். அச்சு அசலாக அதே பொதி!

பிழை முப்பத்தெட்டில் இருந்தது. நாற்பத்தொன்றில் நீ அதைச் சரிசெய்திருந்தாய், அக்கா. அது வெளியே போகவே இல்லை. பழைய நகலைத் தொகுத்து, அதன்மேல் புது எண் கையால் அடிக்கப்பட்டிருக்கிறது.

இன்று காலை எல்லார் முன்னும் திரையில் காட்டினேன். மேலாளர் பேயறைந்த மாதிரி நின்றார்.

"யாருய்யா இதை பில்ட் பண்ணது?"

"நான்தான் சார். நம்பரையும் நான்தான் அடிச்சேன்."

"உன் தலையில நீயே மண்ணை வாரிப் போட்டுக்கவா எட்டு மாசம் உட்கார்ந்த?"

"ஆமா சார்."

உனக்கு மன்னிப்புக் கடிதம் தயாராகிறது. எனக்கும் ஒரு கடிதம் வரும், வரட்டும். வீடுவரை விசிலடித்துக்கொண்டே நடந்தேன்.

அப்பாவிடம் நானே சொல்லிக்கொள்கிறேன். நீ ஃபோனை மட்டும் எடு.

உன் தம்பி