டேங்க்கில் கட்டிய கயிறு

டிசம்பர் 9, செவ்வாய்

நல்ல பனி. வாசல் தெளிக்கும்போதே கை விறைத்தது. சோலார் குழாயில் இன்றும் பச்சைத் தண்ணீர்தான். மூன்றாவது நாள். தாரிணிக்கு கேஸ் அடுப்பில் காய வைத்துக் கொடுத்தேன்.

இவர் மொட்டை மாடிக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்து, முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். வெந்நீர் டேங்க்கின் பக்கத்து மூடி பிய்ந்து, தகடு ஒரு முழத்துக்கு வாயைப் பிளந்து கிடக்கிறதாம். உள்ளே சூடு தாங்குவதற்கு அடைத்திருக்கும் மஞ்சள் பஞ்சு, போன வார மழையில் ஊறிப்போய்விட்டது.

மூடியில் தொங்கியது என் கொடிக்கயிறு. கட்டியது நான்தான். தீபாவளிக்கு முன்னால். போன வாரம் அதில் இரண்டு ஜமுக்காளத்தை ஈரத்தோடு போட்டேன். சாயந்திரம் காற்று. அவ்வளவுதான்.

கயிற்றை அவிழ்த்துப் பையில் சுருட்டிக்கொண்டு வந்துவிட்டார். "ஆரு கேட்டாலும் தெரியாதுன்னு சொல்லிப்போடு."

வாடகை ஒப்பந்தத்தில் ஓனர் தன் கையால் எழுதிச் சேர்த்த வரி: டேங்க்கில் எதையும் கட்டக் கூடாது. மீறினால் வீட்டைக் காலி செய்ய வேண்டும். தாரிணிக்கு மார்ச்சில் பத்தாவது பரீட்சை. பள்ளிக்கூடம் நடக்கிற தூரம். இப்போது வீடு மாறுவதா?

டிசம்பர் 10, புதன்

உளுந்து. துணி சோப்பு. கிராஃப் நோட்டு (தாரிணிக்கு).

ஓனருக்கு போன் செய்தேன். கிணத்துக்கடவில் தோப்பில் இருந்தார். "தண்ணி சுடலீங்கண்ணா" என்றேன். மற்றது எதுவும் சொல்லவில்லை. நாளைக்கு மெக்கானிக்கோடு வருகிறாராம்.

பக்கத்து போர்ஷன் ஸ்டெல்லா படியில் பிடித்துக்கொண்டாள். "ஏனுங்க்கா, உங்களுக்கு சுடுதண்ணி வருதுங்களா?" நர்ஸ். தனியாக இருக்கிறாள். சொந்த ஊர் அவிநாசி பக்கம். டியூட்டி முடிந்து காலையில் வந்ததும் குளித்துவிட்டுத்தான் படுப்பாள். இரண்டு வீட்டுக்கும் ஒரே டேங்க். "இல்லையே கண்ணு, என்னன்னே தெரியல" என்றேன். இவ்வளவு சரளமாகப் பொய் வரும் என்று எனக்கே தெரியாது.

டிசம்பர் 11, வியாழன்

எழுதவே பிடிக்கவில்லை. எழுதாவிட்டால் தலை வெடித்துவிடும்.

ஓனர் பத்து மணிக்கு வந்தார். மாடியில் நான், அவர், மெக்கானிக். மெக்கானிக் பஞ்சைப் பிய்த்துக் காட்டினான். "பகல்ல தண்ணி நல்லாத்தானுங்க காயுது. இது நனைஞ்சுபோச்சுன்னா சூடு நிக்காதுங்க, விடியறதுக்குள்ள ஆறிப்போகும். ஆரோ கயிறு கட்டி இழுத்திருக்காங்க, பாருங்க, தகடே மடங்கிக் கிடக்குது."

ஓனர் சுற்றிலும் பார்த்தார். மாடியில் ஸ்டெல்லாவின் வெள்ளை யூனிஃபார்ம் காய்ந்துகொண்டிருந்தது. அவளைக் கூப்பிட்டார். தூக்கக் கண்ணோடு வந்து நின்றாள்.

"ஏன் கண்ணு, டேங்க்ல கயிறு கட்டுனீங்களா?"

"இல்லீங்க. நான் ஸ்டேண்டுலதானுங்க போடறேன்."

"செரி செரி, பரவால்லீங்க." குரல் தேனாக இருந்தது. "பொங்கல் கழிச்சு சௌரியமா வேற ஊடு பாத்துக்கோங்க கண்ணு. அவசரமில்லீங்க."

நான் இரண்டடி தள்ளி நின்றிருந்தேன். ஸ்டெல்லா என்னைப் பார்த்தாள். நான் டேங்க்கைப் பார்த்தேன்.

டிசம்பர் 12, வெள்ளி

புதுப் பஞ்சு வர பத்து நாள் ஆகுமாம். அதுவரைக்கும் ஓனர் நேற்றே தோப்பிலிருந்து தேங்காய் நார் மெத்தை கொடுத்தனுப்பி, டேங்க்கைச் சுற்றிக் கட்டி, மேலே தார்ப்பாய். காலையில் குழாயில் கொஞ்சம் சூடு வந்தது. தாரிணி குஷியாகிவிட்டாள். எனக்கு அந்தத் தண்ணீரை மேலே ஊற்றிக்கொள்ளவே கூசியது.

இவரோடு சண்டை. "அந்தப் புள்ளைக்கு ஹாஸ்டல் கெடைக்கும். நாம எங்க போறது?" நியாயம் மாதிரியே இருக்கிறது. அதுதான் ஆத்திரம்.

மாவு புளித்துவிட்டது.

டிசம்பர் 13, சனி

ஸ்டெல்லா ஆர்.எஸ்.புரத்தில் மூன்று வீடு பார்த்தாளாம். மூன்று இடத்திலும் முதல் கேள்வி, "தனியாவா இருக்கப் போறீங்க?" "உங்களுக்குத் தெரிஞ்ச எடம் எதாச்சும் இருந்தா சொல்லுங்கக்கா" என்றாள். சொல்கிறேன் என்றேன். கேடுகெட்டவள் நான்.

டிசம்பர் 14, ஞாயிறு

வெயில் ஏறிவிட்டது. நார்க்கட்டு நிற்கிறதா என்று பார்க்க ஓனர் வந்தார். இவர் கடைக்குப் போயிருந்தார். மாடியிலேயே சொல்லிவிட்டேன்.

"கயிறு கட்டுனது நானுங்கண்ணா. அந்தப் பொண்ணு இல்லீங்க."

அவர் தார்ப்பாயை இழுத்து முடிச்சுப் போட்டுக்கொண்டே சிரித்தார். "தெரியுமுங்க அம்மணி. போன மாசம் தேங்கா குடுக்க வந்தப்பவே பாத்தேன். உங்க சேலைதானே காஞ்சுட்டிருந்துச்சு."

"அப்புறம் ஏனுங்க அவளை..." என்றேன்.

"தனியா இருக்கற புள்ளைங்க. வேளைகெட்ட வேளையில வருது, போகுது. நாலு பேரு கேக்கறாங்க. போகச் சொல்றதுக்கு ஒரு காரணம் வேணுமில்லீங்களா? நீங்க குடும்பம். புள்ளை படிக்குது. இருங்க."

உள்ளதை எழுத வேண்டும்: முதலில் எனக்கு நிம்மதிதான் வந்தது. அப்பாடா, நாங்கள் போக வேண்டாம் என்று. அதற்குப் பிறகுதான் மற்றதெல்லாம். "அவளும் இருக்கட்டுங்கண்ணா" என்றேன். "அதை உடுங்க அம்மணி. நீங்களும் இதை ஆருகிட்டயும் சொல்லிப்போடாதீங்க" என்று வண்டியைக் கிளப்பிப் போய்விட்டார்.

அப்படியே போய் ஸ்டெல்லா கதவைத் தட்டினேன். உள்ளே அட்டைப்பெட்டியில் பாத்திரம் அடுக்கிக்கொண்டிருந்தாள். கயிறு, ஜமுக்காளம், ஓனர் சொன்னது, எல்லாவற்றையும் சொன்னேன். அழுகை வந்தது. அவள் அழவில்லை.

கையிலிருந்த பாத்திரத்தைப் பெட்டியில் வைத்துவிட்டு ஒன்றே ஒன்று கேட்டாள். "அன்னிக்கு அவர் என்னைக் கேட்டப்ப, நீங்க அங்கதானேங்க்கா நின்னீங்க?"

"ஆமா" என்றேன்.

தலையை ஆட்டிவிட்டு அடுத்த பாத்திரத்தை எடுத்தாள்.