புள்ளியைத் துடைத்தவர்

அன்புள்ள அம்மாவுக்கு, முட்டிவலி குறைந்ததா? எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை, கோபம்தான் ஆறவில்லை.

எங்கள் ஆய்வகத்தில் கடுங்குளிரில் தடையே இல்லாமல் மின்சாரம் கடத்தும் ஒரு கல் இருக்கிறதே, அந்த மீக்கடத்திப் படிகத்துக்கு மேல்பக்கமும் கீழ்ப்பக்கமும் ஒன்றல்ல. காந்தப்புலத்தில் வைத்தால் அதற்குள் குட்டிக் குட்டிச் சுழல்கள் எழுந்து, ஒரு திசையில் மட்டும் சுலபமாக நகரும். கல்லைத் திருப்பி ஒட்டினால் அந்தத் திசையே மாறிவிடும். அதற்காகத்தான் மேல்பக்கத்தில் பேனாவால் ஒரு புள்ளி வைத்திருந்தேன். எங்கள் பேராசிரியர் அதை ஸ்பிரிட் தொட்டுத் துடைத்துவிட்டு, தானே கல்லைத் தலைகீழாக ஒட்டியிருக்கிறார். விடை மாறி வந்ததும் எல்லார் முன்னாலும் என்மேல் பாய்ந்தார்.

"மேல எது, கீழ எதுன்னுகூடத் தெரியாதா உனக்கு?"

"புள்ளியத் துடைச்சது யாரு சார்?"

"அழுக்கா இருந்துச்சு."

முப்பது வருடமாக இந்தக் கல்லை வைத்தே பெரிய மனிதரானவர் பேசுகிற பேச்சா இது? "பொறுத்துப் போடி" என்று எழுதாதே. நடந்ததை அப்படியே ஆய்வுக்குறிப்பேட்டில் எழுதி, அவரிடமே கையெழுத்துக் கேட்கப்போகிறேன். வேலை போனால் போகட்டும்.

அப்பா பிடுங்கிப் பூட்டிவைத்த என் சிவப்பு நகப்பூச்சை அனுப்பு. ஸ்பிரிட்டுக்கெல்லாம் அது லேசில் அழியாது. இங்கேயும் கிடைக்கும்தான், ஆனாலும் அதையே அனுப்பு. உன் கையெழுத்தில் என் பெயர் எழுதிய பெட்டி வந்து வெகுநாளாகிறது.

கல்லைக் குளிரவைக்கிற ஹீலியம் வந்துவிட்டது, ஓடுகிறேன்.

உன் சிடுமூஞ்சி