அந்த வரியை எடுத்துவிட்டார்கள்

ஆவணி 9, செவ்வாய்

வேலை கொடுத்த கம்பெனியின் ஹெச்.ஆர். மேடம் கூப்பிட்டபோது மொரப்பூர் பிளாட்பாரத்தில் நின்றிருந்தேன். "சம்பளம் பதினெட்டாயிரம், ஓகேங்களா?" என்றார். சரியென்று சொல்ல வாயெடுத்தேன். நிற்காத ரயில் ஒன்று தடதடத்து வந்தது. அவர் காது வலிக்குமே என்று போனை மியூட்டில் போட்டேன். ரயில் போனதும் மியூட்டை எடுத்தால், "சரிங்க, இருபத்தொண்ணு. அதுக்கு மேல முடியாதுங்க" என்கிறார்!

அந்தத் தைரியத்தில் நானே கேட்டேன். "ஒரிஜினல் சர்டிபிகேட்டை ரெண்டு வருஷம் நீங்க வெச்சிருப்பீங்கன்னு ஒப்பந்தத்துல போட்டிருக்கு. அதை எடுத்துடுங்க மேடம்." சாயங்காலம் புது ஒப்பந்தம் வந்தது. அந்த வரி இல்லை. அச்சில் வந்ததுகூட மாறுமா!

"எம் பொண்ணு பேசியே மூவாயிரம் ஏத்திட்டா" என்று அம்மா தெருவெல்லாம் சொல்லிவிட்டாள். மியூட் விஷயத்தை நான் சொல்லவில்லை.

பீரோவைத் திறந்து சர்டிபிகேட்டுகளை மூன்று தடவை பார்த்துவிட்டேன். இங்கேயேதான் இருக்கின்றன. நான் கேட்டதால்.